ஆய்வக எலிக்குச் சிப் போட்டால் உண்மையில் என்ன கிடைக்கும்?

எம்.ஃபார்ம் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் நச்சுத்தன்மை ஆய்வுக்கு 30 விஸ்டார் எலிகள் (வெள்ளை ஆய்வக எலி இனம்), 28 நாள். இதுவரை எங்கள் கல்லூரியில் ரோமத்தில் மஞ்சள் கறையாகப் பிடிக்கும் பிக்ரிக் அமிலத்தால்தான் குறி வைக்கிறோம். கைடு இப்போது சிப் போடலாமா என்கிறார். அது எலி எங்கே இருக்கிறது என்று காட்டுமா? சிப் வைத்த இடத்தில் புற்றுநோய்க் கட்டி வரும் என்று படித்தேன், உண்மையா? அரை மில்லிமீட்டர் சிப் ஒன்று பரிசோதனையே செய்து கொடுக்கும் என்கிறார்களே, அது என்ன?" மூன்று கேள்விகள்தான். ஆனால் மூன்றுக்கும் அடியில் உள்ள கேள்வி வேறு என்று நினைக்கிறேன். நோட்டில் எழுதிய எண்ணுக்கும் கையில் இருக்கும் எலிக்கும் உள்ள தொடர்பை எதை வைத்து நம்புவது, அதற்குப் பணம் செலவழிக்க வேண்டுமா என்பதே அது. நான் கால்நடை மருத்துவர். பல வருடங்களாக ஆய்வக விலங்குகளோடுதான் வேலை. சர்க்யூட் வடிவமைப்பு என் துறை இல்லை, அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் பயன்படுத்துகிறவனாகச் சொல்வது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விலங்கின் தோலுக்கடியில் வைக்கும் அரிசி அளவு அடையாளச் சிப்புக்குள் பேட்டரி கிடையாது, ஜிபிஎஸ் கிடையாது. ஒரு சிறு ஃபெரைட் (இரும்பு சேர்ந்த காந்தப் பொருள்) தண்டில் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், அதோடு ஒரு சிலிக்கான் துண்டு, இரண்டையும் மூடிய கண்ணாடிக் குப்பி, அவ்வளவுதான். ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதிலிருந்து வரும் 134.2 கிலோஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்தச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். அந்த மின்சாரத்திலேயே சிப் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். ரீடரை எடுத்துவிட்டால் மறுபடி வெறும் கண்ணாடித் துண்டு. தேய்ந்துபோகப் பேட்டரி இல்லாததால் எலியின் ஆயுளைத் தாண்டியும் வேலை செய்யும்.

எண் 15 இலக்கம். ஐஎஸ்ஓ 11784 என்ற தரப்படி முதல் மூன்று இலக்கம் நாட்டையோ தயாரிப்பாளரையோ குறிக்கும், மீதி 12 விலங்குக்கு உரியது. அந்த 12 இலக்கத்துக்கு 38 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள், ஏறக்குறைய 27,487 கோடி எண்கள். உங்கள் 30 எலிக்கு எண் தட்டுப்பாடு வராது! ஆனால் சிப்பில் எலியின் பெயரோ குழுவோ மருந்தளவோ எதுவும் இருக்காது என்பதை மறக்க வேண்டாம். எண்ணை எதோடு சேர்க்கிறோம் என்பதெல்லாம் உங்கள் கணினியில் உள்ள அட்டவணையில்தான் இருக்கிறது. அந்த அட்டவணையில் முதல் நாள் ஒரு வரி மாறிவிட்டால், அதற்குப் பிறகு சிப் ஒவ்வொரு முறையும் மிகத் துல்லியமாகத் தவறான எலியைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

படிக்கும் தூரம் சில சென்டிமீட்டர்தான். சிப் சின்னதாக ஆக ஆக இன்னும் குறையும். வழக்கமான 12 மி.மீ. நீளச் சிப்பை விட 8 மி.மீ. சிப்புக்கு ரீடரை நன்றாக ஒட்டிப் பிடிக்க வேண்டும். ரீடர் சுருளின் அளவைத் தாண்டித் தள்ளிப் போனால் இந்தக் காந்தப்புலம் ஏறக்குறைய தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், அங்கே இரண்டு மடங்கு தள்ளிப் பிடித்தால் சுமார் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். விற்பனையாளர் காட்டும் தூரம் மேசை மேல் தனியாக வைத்த சிப்புக்கானது. எஃகுக் கம்பி மூடி, எஃகு அலமாரி, பக்கத்தில் ஓடும் மோட்டார் எல்லாம் அதைக் கெடுக்கும். இன்னொன்று: இந்த வகைச் சிப்புகளுக்கு ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. மூன்று எலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கும்போது ரீடரைக் காட்டினால் ஒன்றும் வராது, அல்லது எது அருகில் இருக்கிறதோ அது மட்டும் வரும். எப்படியும் எலியைத் தனியாக எடுத்துத்தான் படிக்க வேண்டும். கூண்டுக்கு வெளியே நின்று ஒரு வீச்சில் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அப்படியென்றால் எலி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டவே காட்டாதா? காட்டும், ஆனால் அது சிப்பின் திறமை இல்லை, ஆன்டெனாவை எங்கே வைக்கிறீர்கள் என்பதன் திறமை. கூண்டின் குழாய்களிலும் சந்திகளிலும் ஆன்டெனா பதித்துவிட்டால், எந்த எலி எந்த நொடியில் எந்த வாசலைக் கடந்தது என்று பதிவாகும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஜெர்மனியிலிருந்து 2013-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. மரபணு அளவில் ஒன்றுபோலவே இருக்கும் 40 சுண்டெலிகளைப் பல தளங்கள் கொண்ட ஒரு பெரிய அடைப்பில் மூன்று மாதம் ஒன்றாக விட்டார்கள். ஒவ்வொன்றின் உடலிலும் ஒரு சிப். ஒரே மரபணு, ஒரே இடம், ஒரே தீனி. ஆனாலும் நாள் போகப் போகச் சில எலிகள் ஊர்சுற்றிகளாயின, சில ஒரே மூலையில் ஒதுங்கின. அதிகம் சுற்றிய எலிகளின் மூளையில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் புது நரம்பணுக்களும் அதிகம் இருந்தன. சுற்றியதால் நரம்பணு கூடியதா, நரம்பணு கூடியதால் சுற்றியதா என்பதை இந்த மாதிரி ஒப்பீட்டால் மட்டும் தீர்க்க முடியாது. ஆனால் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடிந்ததே சிப்பால்தான். 40 எலிகளை மூன்று மாதம் இரவும் பகலும் கண்ணால் யாராலும் பின்தொடர முடியாது. உங்கள் 28 நாள் நச்சுத்தன்மை ஆய்வுக்கு இதில் எதுவும் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

வெப்பநிலை சொல்லும் சிப்புகளும் உண்டு. எண்ணோடு தோலுக்கடி வெப்பத்தையும் சேர்த்துத் தரும். தொற்று, செப்சிஸ் ஆய்வு செய்பவர்களுக்கு இது பெரிய உதவி. சுண்டெலிக்கு நோய் முற்றும்போது காய்ச்சல் ஏறுவதை விட உடம்பு சில்லிட்டுப்போவதுதான் வழக்கம். அந்தச் சரிவைப் பார்த்தே, எலி துடித்துச் சாகும் வரை காத்திருக்காமல், கருணைக்கொலை எப்போது என்று முடிவு செய்யலாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் விடுவதற்காக நோயுற்ற விலங்கைப் பிடித்து அமுக்கவும் வேண்டாம். அமுக்கிப் பிடிப்பதே வெப்பத்தை ஏற்றிவிடும் என்பது பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தோலுக்கடி வெப்பமும் உள்ளுடல் வெப்பமும் ஒன்றில்லை. ஒரே எலியின் நேற்றைய அளவோடு இன்றைய அளவை ஒப்பிடலாம், வேறு முறையில் எடுத்த எண்ணோடு ஒப்பிடக்கூடாது.

சிப் வைப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் செலவும் சிக்கலும் அங்கேதான். 12 மி.மீ. சிப்பின் ஊசி 12 கேஜ், அதாவது நீங்கள் ரத்தம் எடுக்கும் ஊசியை விடப் பல மடங்கு தடிமன். 25 கிராம் சுண்டெலிக்கு அது சிறிய விஷயம் இல்லை. ஐசோஃப்ளூரேன் கொடுத்து மயக்கித்தான் செய்வேன். 250 கிராம் எலிக்கு மயக்கமின்றிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் ஊசிக்குள் இருக்கும் சிப்பை ரீடரில் படித்து எண்ணைச் சரிபார்க்க வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கி, ஊசியின் வாய் மேல்நோக்கி இருக்க, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாகத் தோலுக்கடியில் போக வேண்டும், தசைக்குள் இல்லை. துளையிலிருந்து ஒரு நல்ல இடைவெளி விட்டுச் சிப்பை இறக்கி, ஊசியை வெளியே இழுக்கும்போது துளையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். இந்தக் கடைசி அழுத்தத்தை அவசரத்தில் விட்டால் சிப் ஊசியோடு பின்னாலேயே வந்துவிடும், அல்லது அன்று ராத்திரி கூண்டுத் தவிட்டில் கிடக்கும். ஒரு சொட்டுத் திசுப் பசை வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை வராது. பிறகு மறுபடி படிக்க வேண்டும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும். தொலையும் சிப்புகளில் பெரும்பாலானவை முதல் சில நாளிலேயே தொலைந்துவிடும். அதன் பிறகும் சில சிப்புகள் தோலுக்கடியில் விலா பக்கமாக நகரும், அதனால் ரீடரைக் கழுத்தில் மட்டும் காட்டிவிட்டு "சிப் இல்லை" என்று எழுதிவிடக்கூடாது. எலியை எம்ஆர்ஐ எடுக்கப் போகிறீர்கள் என்றால் சிப்பே வேண்டாம். ஃபெரைட் தண்டு சுற்றியுள்ள படத்தைக் கறுப்பாக விழுங்கிவிடும்.

இனி புற்றுநோய். நீங்கள் படித்தது பொய் இல்லை. மனிதர்களுக்கான வெரிசிப் என்ற சிப்புக்கு 2004-ல் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. 2007-ல் ஏபி செய்தி நிறுவனம் பழைய விலங்கு ஆய்வுகளைத் தோண்டி எடுத்து வெளியிட்டதும் உலகமெங்கும் பரபரப்பானது. அந்த ஆய்வுகள் எல்லாம் நிஜம். 1997-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் சிப் வைத்த 4,279 சுண்டெலிகளில் 36-க்கு, அதாவது 0.8 சதவீதத்துக்கு, சிப் இருந்த இடத்தில் கட்டி இருந்தது. 2001-ல் வெளியான இன்னொன்றில் 1,040 எலிகளில் சுமார் 1 சதவீதம். 2006-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 1,260 சுண்டெலிகளில் 4.1 சதவீதம். பெரும்பாலானவை சிப்பைச் சுற்றி வளர்ந்த சார்கோமா வகைக் கட்டிகள், அதாவது இணைப்புத் திசுவில் வரும் புற்று.

இதில் எது உறுதி, எது இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். சிப்பைச் சுற்றி எலிகளுக்குக் கட்டி வரலாம் என்பது உறுதி. சிப்பில் உள்ள ரசாயனமோ ரேடியோ அலையோ காரணம் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கொறிவிலங்கின் தோலுக்கடியில் வழவழப்பான திடப்பொருள் எதை நீண்ட நாள் வைத்தாலும் இப்படி ஆகலாம் என்பது சிப் வருவதற்கு முன்பே தெரியும். 1940-களின் இறுதியில் ஓப்பன்ஹைமர் தம்பதி பிளாஸ்டிக் படலங்களை எலிகளில் வைத்து இதைக் காட்டினார்கள் (அணுகுண்டு ஓப்பன்ஹைமர் இல்லை). அதே பிளாஸ்டிக்கைப் பொடியாக்கியோ ஓட்டை போட்டோ வைத்தால் கட்டி வெகுவாகக் குறைந்தது, ஆக முக்கியம் பொருளை விட வடிவம். இழுபறியில் இருப்பது அந்தச் சதவீதங்களின் அர்த்தம். அவை பெரும்பாலும் வேறு மருந்துகளைச் சோதிக்க நடந்த நீண்டகால ஆய்வுகள். எல்லா எலிக்கும் சிப் இருந்தது, சிப் இல்லாத ஒப்பீட்டுக் குழு இல்லை. அதனால் 0.8-ஐயும் 4.1-ஐயும் பக்கத்தில் வைத்து எந்தச் சிப் நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எலி இனமும் வயதும் பெரிய வித்தியாசம் செய்யும். நாய்களுக்கு இதை அப்படியே பொருத்தவும் முடியாது. கோடிக்கணக்கான வளர்ப்பு நாய்களுக்குச் சிப் இருந்தும், சிப்புக்குப் பக்கத்தில் கட்டி என்று வந்த அறிக்கைகள் மிகச் சிலவே, அவற்றிலும் சிப்தான் காரணம் என்று எப்போதும் நிறுவ முடிந்ததில்லை.

உங்களுக்கு இதன் நடைமுறை அர்த்தம் என்ன? இந்தக் கட்டிகள் பொதுவாக மாதக்கணக்கில், பலவற்றில் ஒரு வருடம் தாண்டித்தான் தெரிய வந்தன. 28 நாளில் வராது. ஆனால் எலிகளில் 24 மாதம் ஓடும் புற்றுநோய் ஆய்வு நடத்துகிறவர் இதைத் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்: சிப் இருந்த இடத்தைப் பிரேதப் பரிசோதனையில் தனியாக எடுத்துப் பார்ப்போம், அங்கே வரும் கட்டியை மருந்தின் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று முன்கூட்டியே. கட்டிகளைத் தடுக்கும் பி53 மரபணுவின் ஒரு பிரதியை முடக்கிய சுண்டெலி மாதிரி, கட்டிக்கென்றே ஏற்பட்ட இனமாக இருந்தால் தோளில் அரிசி அளவு சிப் வைப்பதையே நான் தவிர்ப்பேன்.

அரை மில்லிமீட்டர் சிப்புக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாக நியூஜெர்சியில் ஃபார்மாசீக் என்ற நிறுவனம் உருவாக்கிய பி-சிப். 0.5 மி.மீ. நீளம், 0.5 மி.மீ. அகலம், 0.1 மி.மீ. தடிமன். இதில் செம்புச் சுருளுக்கு இடமே இல்லை. அதனால் சிப்பின் மேல் சின்ன ஒளிமின்கலங்களைப் பதித்திருக்கிறார்கள். ரீடர் சிவப்பு லேசரை அடிக்கும். அந்த வெளிச்சத்தில் சிப் இயங்கித் தன் எண்ணைச் சிறு ரேடியோ சமிக்ஞையாக விடும், ரீடரின் முனையில் உள்ள சுருள் அதைப் பிடிக்கும். சக்தி போவது ஒளியாக, பதில் வருவது ரேடியோவாக. சுண்டெலியின் வாலில் தோலுக்கடியில் இதை வைத்துப் படிக்க முடியும் என்று 2010-ல் ஆய்வுக்கட்டுரை வந்தது. வெள்ளைச் சுண்டெலியின் வால் தோல் மெல்லியது, சிவப்பு ஒளி ஊடுருவும். படிக்கும் தூரம் மில்லிமீட்டர் கணக்கு, ரீடர் முனையை வாலில் கிட்டத்தட்ட ஒட்டியே வைக்க வேண்டும். கறுப்பு நிறமி ஒளியை உறிஞ்சும் என்பதால் பிளாக் 6 மாதிரிக் கறுப்புச் சுண்டெலி இனத்தில் முதலில் இரண்டு எலியில் சோதித்துப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குவது நல்லது. கண்ணாடிக் குப்பி இல்லாததாலும் சின்னதாக இருப்பதாலும் கட்டி ஆபத்து குறைவாக இருக்கலாம். ஓப்பன்ஹைமர் முடிவுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஆனால் அது ஊகம்தான், ஆயிரக்கணக்கான எலிகளில் ஆயுள் முழுக்கப் பார்த்துச் சொன்னது இல்லை. "கட்டியே வராது" என்று யாராவது விற்க வந்தால் அந்த உறுதிக்கு என்ன தரவு என்று கேளுங்கள்.

"பரிசோதனையே செய்யும்" என்பதில் கொஞ்சம் கலப்படம் நடந்திருக்கிறது. எலிக்குள் இருக்கும் சிப் ரத்தத்தைச் சோதிக்காது. இது வேறு வேலை, சோதனைக் குழாய்க்குள் நடப்பது. சிப்பின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டையோ ஆன்டிபாடியையோ ஒட்டிவிடுவார்கள். 101-ஆம் சிப்பில் ஒன்று, 102-ஆம் சிப்பில் வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே குழாயில் போட்டு மாதிரியைச் சேர்த்துக் குலுக்குவார்கள். எது எதோடு பிணையுமோ அது பிணையும், பிணைந்த இடம் ஒளிரும்படி ஒரு சாயம் சேர்ப்பார்கள். பிறகு சிப்புகளை ஒவ்வொன்றாக ஒரு மெல்லிய குழாய் வழியே ஓடவிட்டால், லேசர் எண்ணைப் படிக்கும், இன்னொரு கருவி ஒளிர்வை அளக்கும். எண் என்ன சோதனை என்பதைச் சொல்லும், ஒளிர்வு எவ்வளவு என்பதைச் சொல்லும். இதே தத்துவத்தில் நம் ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது லூமினெக்ஸ் மணிகள். அவை சுமார் 6 மைக்ரான் அளவுள்ள, சாயக் கலவையால் அடையாளம் காணும் மணிகள். சாயக் கலவை என்றால் பிரித்தறியக்கூடிய வகைகளுக்கு ஒரு எல்லை உண்டு, மின்னணு எண்ணுக்கு அந்த எல்லை கிடையாது. ஆனால் மணி மலிவு, ஒரு சோதனைக்கு ஆயிரக்கணக்கில் போடலாம், கருவியும் ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறது. சிலிக்கான் சிப்புகள் இந்தத் துறையைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். வேதியியலில் இந்த யோசனை இன்னும் பழையது. 1995-லேயே சான் டியேகோ பகுதியில் நிக்கோலாவும் சக ஆய்வாளர்களும் வினை நடக்கும் ரெசின் மணிகளையும் ரேடியோ சிப்பையும் ஒரே சிறு துளைக் குப்பிக்குள் அடைத்து, எந்தக் குப்பி எந்த வினைக்குள் போய்வந்தது என்று சிப்பைப் படித்தே கண்டுபிடித்தார்கள்.

சரி, உங்கள் 30 எலிக்கு வருகிறேன். பிக்ரிக் அமிலத்தைப் பழசு என்று இகழ வேண்டாம். தலை, முதுகு, வால், தலை-முதுகு, தலை-வால், குறியே இல்லாதது ஒன்று என்று வைத்தால் கூண்டுக்கு ஆறு எலியைத் தாராளமாகப் பிரிக்கலாம், வலி இல்லை, மயக்கம் தேவையில்லை. வெள்ளை ரோமத்தில் மட்டும்தான் தெரியும், வாரக்கணக்கில் மங்கும், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது இன்னும் சீக்கிரம் மங்கும், ஆகவே முழுதாக மங்கும் முன் மறுபடி தொட்டுவிட வேண்டும். இதன் பெரிய ஆபத்து அலமாரியில் இருக்கிறது: காய்ந்துபோன பிக்ரிக் அமிலம் வெடிக்கும். மூடியைச் சுற்றி மஞ்சள் பொருக்குப் படிந்த பழைய புட்டியைக் கண்டால் திறந்து பார்க்கும் ஆர்வம் வேண்டாம், பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். காதில் ஓட்டை போடும் முறையும் நம்பகமானதுதான், எல்லா இனத்திலும் இல்லை. எம்ஆர்எல் என்ற சுண்டெலி இனத்தில் அடையாளத்துக்குப் போட்ட காது ஓட்டைகள் சில வாரத்தில் தடயமே இல்லாமல் மூடிக்கொண்டன. பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் எலன் ஹீபர்-காட்ஸ் குழு அதையே பிடித்துக்கொண்டு 1998-ல் திசு மீளுருவாக்கம் பற்றிக் கட்டுரை எழுதியது. குறி அழிந்ததால் ஒரு துறைக்கே புது வழி கிடைத்தது!

என் தீர்ப்பு: 28 நாள், 30 வெள்ளை எலி, கூண்டுக்கு மூன்று நான்கு என்றால் சிப் தேவையில்லை. எலி மாறிப்போவது அபூர்வம். மாறிப்போவது குழாய்தான். கடைசி நாளில் ரத்தம் எடுத்து, ஒரு எலிக்குச் சீரம், பிளாஸ்மா, கல்லீரல், சிறுநீரகம் என்று நான்கைந்து குழாய், மார்க்கரில் எழுதிய எண், ஐஸில் வைத்ததும் வியர்த்து, எத்தனால் பட்ட கையுறையில் ஒரு தேய்ப்பு. 16-ஆ 18-ஆ என்று இரண்டு பேர் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பார்கோடு பிரின்டரும் உறைகுளிரையும் எத்தனாலையும் தாங்கும் லேபிள்களும் வாங்கி, முதல் நாளே எல்லாக் குழாய்க்கும் ஒட்டிவைத்துவிட்டால் உங்கள் ஆய்வுக்கு அதிகப் பலன். மாறாக, ஆய்வு ஆறு மாதம் தாண்டும், கறுப்பு எலி, நூற்றுக்கணக்கில் இனப்பெருக்கம், எலிக்கும் தராசுக்கும் கணினிக்கும் நடுவே கையெழுத்தே வேண்டாம் என்ற நிலை என்றால் சிப் தன் விலையை ஈட்டிவிடும். எலியைத் தராசில் வைத்ததும் எண்ணும் எடையும் தானாகவே ஒரே வரியில் பதிவாவது நீண்ட ஆய்வில் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

கைடு சிப்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் இரண்டு விஷயம். ஏற்கெனவே கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவின் (ஐஏஈசி) அனுமதி வாங்கியிருந்தாலும், மயக்கம் கொடுத்துச் சிப் வைப்பது புதிய செயல்முறை, அதைத் திட்டத்தில் ஒரு திருத்தமாகச் சேர்த்து எழுதி ஐஏஈசி ஒப்புதல் வாங்கிய பிறகே தொட வேண்டும். அடுத்து, வாங்கும் முன் விற்பனையாளரிடம் ஒரு ரீடரையும் இரண்டு சிப்பையும் ஒரு நாள் கடனாகக் கேளுங்கள். சிப்பை டேப்பால் ஒரு துண்டு ரப்பரில் ஒட்டி, உங்கள் கூண்டுக்குள், உங்கள் எஃகு மூடிக்குக் கீழே, உங்கள் அலமாரித் தட்டிலேயே வைத்துப் படித்துப் பாருங்கள். அங்கே படித்தால் வாங்கலாம். படிக்காவிட்டால் எந்த இடத்தில் வைத்துப் படிப்பது என்பதைக் கைடும் நீங்களும் முடிவு செய்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.